நைலானா, இறகா: இறகுப்பந்துக் காக் வாங்குவோருக்கு ஒரு மதிப்புரை

இறகுப்பந்து ஆடுபவர்கள் மட்டைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்குவதில்லை. நரம்பை எத்தனை பவுண்டில் கட்டுவது என்று அரைமணி நேரம் வாதிடவும் சலிப்பதில்லை. ஆனால் காக் (ஷட்டில்காக், அதாவது மட்டையால் அடிக்கும் இறகுப்பந்து) வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டப்பாவை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். பந்து எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் வேகம் இழக்கும், எந்தக் கோணத்தில் இறங்கும் என்பவற்றையெல்லாம் மட்டையைவிடக் காக்கே அதிகம் தீர்மானிக்கிறது என்பதால், இந்த அலட்சியம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மதுரையில் நாங்கள் ஆடும் உள்ளரங்கத்தில் இப்போது மூன்று வகைக் காக்குகள் புழங்குகின்றன. முதலாவது, யோனெக்ஸ் மாவிஸ் 350 என்ற நைலான் காக். இரண்டாவது, போட்டிகளுக்காக வாங்கி வைக்கும் ஏரோசென்சா 30 என்ற கூஸ் (பெருவாத்து) இறகுக் காக். மூன்றாவது, உள்ளூர்க் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வாத்து இறகுக் காக். மூன்றையும் வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் ஆடிப் பார்த்ததில் தெரிந்ததையும், அதற்குப் பின்னால் உள்ள இயற்பியலையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். ஏனெனில் இந்தப் பொருளைப் பொறுத்தவரை, அது காற்றில் எப்படித் தடைபடுகிறது என்பதுதான் அதன் தரம்.

விதிப்படி ஓர் இறகுக் காக்கில் 16 இறகுகள் இருக்க வேண்டும், எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் இருக்க வேண்டும். இறகு நுனிகள் உருவாக்கும் வட்டத்தின் விட்டம் 58 முதல் 68 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். தக்கைத் தலையின் விட்டம் 25 முதல் 28 மில்லிமீட்டர். எடையில் பெரும்பகுதி தலையில், பரப்பில் பெரும்பகுதி வாலில் என்ற இந்த ஏற்பாட்டினால்தான், எப்படி அடித்தாலும் காக் ஒரு கணத்தில் திரும்பித் தலையை முன்னே நீட்டிக்கொண்டு பறக்கிறது. புவியீர்ப்பு அதன் மொத்த எடையையும் கீழே இழுக்கிறது. காற்றோ விரிந்த வாலைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுகிறது.

இதைக் கண்ணால் காண விரும்புகிறவர்களுக்கு ஒரு கோலிக்குண்டு போதும். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரணக் கண்ணாடிக் கோலிக்குண்டின் எடையும் காக்கின் எடையும் ஏறத்தாழ ஒன்றே. அரங்கின் மாடத்திலிருந்து, ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில், இரண்டையும் ஒரே நேரத்தில் கைவிட்டால், முதல் இரண்டு மூன்று அடி வரை இரண்டும் சேர்ந்தே விழுவதுபோலத் தோன்றும். பிறகு கோலிக்குண்டு முந்திக்கொண்டு, 1.1 நொடியில் தரையைத் தொட்டுத் துள்ளும். காக் அதற்குக் கால் நொடி கழித்தே வந்து சேரும். கால் நொடி என்பது கேட்கச் சிறியதாக இருக்கலாம். ஆனால் தரையைத் தொடும்போது கோலிக்குண்டு நொடிக்கு 10.8 மீட்டர் வேகத்தில், இன்னும் வேகம் கூடிக்கொண்டே இருக்கிற நிலையில் விழுகிறது. காக்கோ ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்தில், அதற்குமேல் பெரிதாக வேகம் கூடாத நிலையை எட்டிவிட்டிருக்கிறது. பள்ளிப் பாடநூலில் முற்றுத் திசைவேகம் என்று படித்தோமே, அது இதுதான். காற்றுத்தடையும் எடையும் சமமாகும் அந்த வேகம் காக்குக்கு நொடிக்கு ஏறத்தாழ 6.8 மீட்டர். மாடத்தை இன்னும் எவ்வளவு உயர்த்தினாலும் காக் அதைத் தாண்டாது.

ஒரு காக்கின் பிற குணங்கள் அனைத்தும் இந்த ஒரே எண்ணிலிருந்து கிளைப்பவை. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. எனவே நொடிக்கு 6.8 மீட்டரில் எடைக்குச் சமமாக இருக்கும் தடை, நொடிக்கு 68 மீட்டரில், அதாவது மணிக்கு 245 கிலோமீட்டர் வேகமுள்ள ஒரு ஸ்மாஷில் (மேலிருந்து கீழாக ஓங்கி அடிக்கும் அடியில்), எடையைப்போல் நூறு மடங்காகிவிடுகிறது. அந்தக் கணத்தில் புவியீர்ப்பு என்ற ஒன்று இருப்பதையே காக் பொருட்படுத்துவதில்லை என்று சொல்லலாம். அதன் பாதையை ஆள்வது காற்று மட்டுமே. வேகம் மங்கிய பிறகே புவியீர்ப்பின் முறை வருகிறது. கிளியர் (எதிர்ப்பக்கப் பின்கோட்டை நோக்கி உயர்த்தி அடிக்கும் அடி) அடித்த காக், முதலில் கோடு கிழித்தாற்போல மேலேறி, பின்கோட்டுக்கு அருகே தயங்கி, பின்பு ஏறத்தாழ நேர்கீழாக விழுவது இதனால்தான். 1537-இல் பீரங்கிக் குண்டின் பாதையைப் பற்றி எழுதிய இத்தாலியக் கணிதர் தார்த்தாக்லியா, குண்டு சாய்வாக ஏறிச் சிறிது வளைந்து பின் நேராகக் கீழே விழுவதாக வரைந்திருந்தார். பின்னால் கலிலியோவின் பரவளையம் வந்து அந்தப் படத்தை ஓரங்கட்டிவிட்டது. காக்கின் பாதையை வரைந்து பார்த்தால் அது பழைய தார்த்தாக்லியாவின் படத்தோடுதான் ஒத்துப்போகிறது. பரவளையம் காற்றில்லாத இடத்துக்கு உரியது. நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் 45 பாகைக் கோணத்தில் புறப்படும் ஒரு பொருள் காற்றில்லாத இடத்தில் 160 மீட்டருக்கு மேல் சென்று விழும், காக்கோ 13.4 மீட்டர் நீளமுள்ள ஆடுகளத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தபோது, அந்த வேகத்தை எதிராளி எப்படிச் சமாளிப்பார் என்று பலரும் கேட்டார்கள். அது காக் மட்டையை விட்டு நீங்கிய உடனே அளக்கப்பட்ட வேகம். நல்ல காக் ஒன்று ஏறத்தாழ 4.7 மீட்டர் சென்றதும் தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சிய அளவை மட்டுமே மிச்சம் வைத்திருக்கும், அடுத்த 4.7 மீட்டரில் அதுவும் அவ்வாறே சுருங்கும். இந்தச் சுருக்கம்தான் இறகுப்பந்தை ஆடத்தக்க விளையாட்டாக வைத்திருக்கிறது. காக் தயாரிப்பாளர்கள் நமக்கு விற்பது இந்தச் சுருக்கத்தின் துல்லியத்தை.

இனி டப்பாவின் மேல் அச்சிடப்பட்டுள்ள வேக எண்ணுக்கு வருகிறேன். வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும், நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதையே. இறகுக் காக்குகளில் 75, 76, 77, 78 என்று எண்கள் இருக்கும். அவை கிரெய்ன் என்ற பழைய எடை அலகில் காக்கின் எடையைக் குறிப்பவை. 77 கிரெய்ன் என்பது 4.99 கிராம், 75 கிரெய்ன் என்பது 4.86 கிராம். வேறுபாடு 0.13 கிராம்தான். ஆயினும் ஒரே அளவு வாலை இழுத்துக்கொண்டு போகும் தலையின் எடை 2.6 விழுக்காடு குறைந்தால், அதே அடியில் காக் விழும் இடம் என் கணக்கில் ஏறத்தாழ ஓர் அடி முன்னதாக வந்துவிடும். சில நிறுவனங்கள் இதே எண்களை 1, 2, 3 என்று சுருக்கித் தருகின்றன. நைலானில் தலையைச் சுற்றியுள்ள பட்டையின் நிறம் அந்த வேலையைச் செய்கிறது: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது.

ஏன் இத்தனை வகை என்றால், காற்று எல்லா ஊரிலும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோகிராம், 40 பாகையில் அது ஏறத்தாழ 1.13 கிலோகிராம். எட்டு விழுக்காடு மெலிந்த காற்று எட்டு விழுக்காடு குறைவாகவே தடுக்கும். எனவே சித்திரை வெயிலில் மதுரையில் அடிக்கும் கிளியர், அதே கையால் மார்கழிக் குளிரில் வடநாட்டில் அடிக்கும் கிளியரைவிட அரை மீட்டருக்கு மேல் தள்ளி விழும். விதிநூல் கூறும் சோதனையோ மிகக் குறுகிய இடைவெளியை மட்டுமே அனுமதிக்கிறது: பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், காக் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990 மில்லிமீட்டருக்கு மிகாமலும் முன்னால் விழ வேண்டும். வெப்பம் ஒன்றே காக்கை அந்த 46 சென்டிமீட்டர் பட்டைக்கு வெளியே தள்ளிவிடப் போதுமானது. நம் ஊர் அரங்குகளில் கோடைக்கு 75, மற்ற மாதங்களுக்கு 76, நைலானானால் எப்போதும் பச்சை என்பது என் பரிந்துரை. அப்படியிருந்தும் நம் கடைகளில் 77-உம் 78-உம் நீலப்பட்டை நைலானும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறேன். கேட்டால், வேகமான காக் நல்ல காக் என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள் என்று பதில் வருகிறது. வேகமான காக்கை வாங்கி ஆடிவிட்டு, கிளியர் எல்லாம் அவுட் ஆகிறது என்று மணிக்கட்டைக் குறை சொல்லும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.

டப்பாவிலோ நிறுவனத்தின் கையேட்டிலோ தரப்படும் வெப்பநிலை அட்டவணையை அப்படியே நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அது சமவெளிக்கு எழுதப்பட்டது. பெங்களூரு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிடக் குளிர்ச்சியான ஊர் என்பதால் அட்டவணைப்படி அங்கே வேகமான காக் வேண்டும். ஆனால் உயரத்தினால் காற்றழுத்தம் குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால் 25 பாகையில் உள்ள பெங்களூருக் காற்று, 32 பாகையில் உள்ள சென்னைக் காற்றைவிட ஏறத்தாழ எட்டு விழுக்காடு மெலிந்தது. ஆகவே அங்கே சென்னைக்கு வாங்குவதைவிட மெதுவான காக்கே பொருந்தும். கொடைக்கானலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2,100 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த ஊரில், 15 பாகைக் குளிரிலும்கூட, காற்று வெயில்கால மதுரைக் காற்றைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு மெலிந்தே இருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அட்டவணையைப் பார்த்து சிவப்புப்பட்டை நைலானை அங்கே கொண்டுபோனால், பின்கோட்டுக்கு உள்ளே ஒரு கிளியரைப் போடுவதே பெரும்பாடாகிவிடும்.

இப்போது நைலானுக்கும் இறகுக்கும் உள்ள வேறுபாடு. மாவிஸ் 350 கற்றுக்கொள்பவர்களுக்கு நல்ல பொருள். இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஒரு காக் பல நாள் ஆட்டத்தைத் தாங்குகிறது, ஒரு டப்பாவில் உள்ளவை எல்லாம் ஒன்றுபோலவே பறக்கின்றன, மழைக்கால ஈரமும் அதை ஒன்றும் செய்வதில்லை. மெதுவான அடிகளில், அதாவது சர்வீஸ், டிராப் (வலையை ஒட்டி விழுமாறு மெல்ல அடிக்கும் அடி), நடுத்தரக் கிளியர் ஆகியவற்றில், அதன் பாதை இறகுக் காக்கின் பாதைக்கு மிக அருகிலேயே வருகிறது. வேறுபாடு வேகத்தில்தான் வெளிப்படுகிறது. பலமாக ஸ்மாஷ் அடிக்கும்போது எதிர்வரும் காற்றின் அழுத்தத்தில் நைலான் கூம்பு உள்நோக்கிச் சுருங்குகிறது. சுருங்கிய கூம்பு காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைவு. எனவே எங்கே தடை மிக அதிகமாக இருக்க வேண்டுமோ அங்கே அது குறைந்துவிடுகிறது. இறகின் தண்டு விறைப்பானது. அதே வேகத்திலும் அது தன் வடிவத்தைப் பெருமளவு காத்துக்கொள்கிறது. இதனால் நைலான் ஸ்மாஷ் எதிராளியிடம் போய்ச் சேரும்போது இறகு ஸ்மாஷைவிட அதிக வேகத்தை மிச்சம் வைத்திருக்கும். நைலானில் பழகியவர் இறகுக்கு மாறிய முதல் வாரத்தில், தன் ஸ்மாஷில் பலமே இல்லை என்று புலம்புவது இதன் விளைவு. அவர் கையில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொரு வேறுபாடு சுழற்சியில் இருக்கிறது. இறகுக் காக்கில் ஒரே பக்கச் சிறகின் இறகுகளை மட்டுமே, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு, ஒரே திசையில் சாய்த்துப் பதிக்கிறார்கள். காற்று அந்தச் சாய்வில் பட்டு வழுக்கிச் செல்லும்போது காக் தன் அச்சில் சுழல்கிறது. அந்தச் சுழற்சி சிறு கோணல்களைச் சமன்செய்து பாதையை நேராக்குகிறது. வலது பக்கம் அறுத்து அடிக்கும் டிராப்பும் இடது பக்கம் அறுத்து அடிக்கும் டிராப்பும் ஒரே மாதிரி விழாததற்கும் இந்த ஒருதிசைச் சுழற்சியே காரணம். வலைக்கு அருகே மெல்லத் தொட்டு விடும்போது, இறகுக் காக் உருண்டு புரண்டு வலையின் மேற்பட்டையை உரசிக்கொண்டு இறங்குவதில் ஓர் அழகு உண்டு. நைலான் அங்கே ஏமாற்றமே தருகிறது. நடுவில் 1.524 மீட்டர் உயரமுள்ள அந்த வலையின் முன்னே நின்று ஆட விரும்புகிறவர், என்றாவது ஒருநாள் இறகுக்கு வந்தே தீர வேண்டும்.

ஏரோசென்சா 30-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: டப்பாவில் உள்ள பன்னிரண்டும் ஒன்றுபோலப் பறக்கின்றன, உடைந்த இறகோடும் ஓரிரு ராலி நேராகச் செல்கின்றன, விலை நம்மைப் போன்ற மாலை நேர ஆட்டக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. பலமான இரட்டையர் ஆட்டத்தில் ஒரு காக் ஒரு கேம் முழுதும் தாங்கினால் அதுவே பெரிது.

மலிவான வாத்து இறகுக் காக்கைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வாத்து இறகு கூஸ் இறகைவிட மெல்லியது என்பதால் விரைவில் உடைவது எதிர்பார்க்கத்தக்கதே; அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் வாங்கிய டப்பாவில் இருந்த குறை வேறு. இறகுகளை இணைக்கும் இரண்டு வரிசை நூலில் பசை சீராகப் பூசப்படவில்லை; விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் இருந்தது. தொளதொளத்த பக்கத்தில் காற்றுத்தடை வேறாக இருக்குமல்லவா, அதனால் காக் பறக்கும்போது தலையாட்டிப் பொம்மைபோலத் தள்ளாடியது. நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்தராசில் நிறுத்துப் பார்த்தபோது, ஒரே டப்பாவிலுள்ள காக்குகளுக்கிடையே, மேலே சொன்ன 75-க்கும் 77-க்கும் உள்ள வேறுபாட்டைவிட அதிக வேறுபாடு தெரிந்தது. டப்பாவில் 76 என்று அச்சிட்டிருந்ததற்கு அப்போது பொருள் இல்லாமல் போய்விடுகிறது. இத்தகைய காக்கை வாங்கத்தான் வேண்டுமென்றால், கடையிலேயே மூடியைத் திறந்து, ஒவ்வொன்றையும் தலையைப் பிடித்துக் கண்ணுக்கு நேரே திருப்பிப் பாருங்கள். இறகு நுனிகள் ஒரே வட்டத்தில் இல்லாதவற்றை ஒதுக்கிவிடுங்கள். திறக்கவிடாத கடையில் வாங்க வேண்டாம்.

இறகுக் காக் வாங்குவோர் அதற்கு ஆவி காட்டவும் பழகிக்கொள்ள வேண்டும். உலர்ந்த இறகு எளிதில் முறிந்துவிடும். கொதிக்கும் நீரின் ஆவியை டப்பாவின் இரு முனைகளிலும் சில நொடிகள் மட்டும் காட்டி, மூடி, ஒரு இரவு வைத்திருந்தால் இறகின் தண்டு நெகிழ்வு பெறுகிறது. அளவுக்கு மிஞ்சினால் இறகு நீர் கோத்து எடை கூடி, நூற்பசையும் இளகிவிடும். சில அரங்குகளில் வேகமான காக்கை மெதுவாக்க, இறகு நுனிகளை வெளிப்புறமாக மடக்கிவிடும் பழக்கமும் இருக்கிறது. காற்றுக்குக் காட்டும் வட்டம் பெரிதாவதால் அது உண்மையிலேயே மெதுவாகும். ஆனால் மடக்கிய இடத்திலேயே இறகு முறியத் தொடங்கும். சரியான எண்ணை வாங்கியிருந்தால் இந்தச் சிகிச்சைக்கு வேலையே இருக்காது.

மொட்டைமாடியிலும் தெருவிலும் ஆடுவதற்காகக் காக் கேட்பவர்களுக்கு மேலே சொன்ன மூன்றில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இலேசாக முகத்தில் படும் தென்றலின் வேகம் நொடிக்கு 3 மீட்டர் இருக்கலாம். காக்கின் முற்றுத் திசைவேகத்தில் அது ஏறத்தாழப் பாதி. கீழே விழும் வேகத்தில் பாதி வேகத்தோடு பக்கவாட்டிலும் அடித்துச் செல்லப்படும் ஒரு பொருளை வைத்து முறையாக ஆட முடியாது. காற்றுவெளியில் ஆடுவதற்கென்றே ஒரு தனிவகைக் காக்கை உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு 2019-இல் அறிமுகப்படுத்தியது. ஆனால் அதற்கும் முன்பே நம் ஊரில் இதற்கு விடை இருந்தது. தஞ்சாவூரில் தோன்றியதாகச் சொல்லப்படும் பூப்பந்து ஆட்டத்தின் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம் எடையும் 5 சென்டிமீட்டரை ஒட்டிய விட்டமும் உடையது. காக்கைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் எடை, ஆனால் காற்றுக்குக் காட்டும் பரப்போ அதைவிடக் குறைவு. அதன் முற்றுத் திசைவேகம் என் கணக்கில் நொடிக்கு 20 மீட்டரை ஒட்டி வருகிறது; தென்றல் அதைச் சற்றே நகர்த்துமேயன்றி அள்ளிச் செல்லாது. மட்டையும் அதற்கேற்ற கனமான பூப்பந்து மட்டையாக இருக்க வேண்டும். இறகுப்பந்து மட்டையால் கம்பளிப் பந்தை அடித்தால் நரம்பும் சட்டமும் விரைவில் போய்விடும்.